பச்சை காட்டிய போலி முகவரி

மடுல்சீமையில் எங்கள் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசுக்குப் போய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் யார் யார் கையிலோ மாறித்தான் எங்கள் லயத்து வீட்டுக்கு வரும். அம்மாவின் கண் ஆபரேஷன் கடிதம் பிரிக்கப்பட்டு வந்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை பிடித்தது. ஆபரேஷனுக்காகக் கத்தாரிலிருந்து அண்ணன் கிரிப்டோவில் பணம் அனுப்பப்போகும் முகவரியை யாரும் மாற்றிவிடாதபடி, அதற்கு டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும்.

யாரோ எழுதிவைத்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் லைப்ரரியை வைத்து இரண்டே நாளில் இணையப் பக்கம் தயார். நான் அனுப்பும் செய்தியை அதில் ஒட்டினால், கையொப்பம் சரியென்றால் பச்சை காட்டும். பெருமையில் மாமா பிள்ளைகள் ஐந்து பேருக்கும் காட்டினேன்.

பணம் அனுப்பும் அன்று அண்ணன் கூப்பிட்டார்.

"ஏன்டி, நேத்து நான் சின்னதா பணம் அனுப்பிப் பாத்த அட்ரஸ் வேறயில்ல? புது நம்பர்லருந்து இன்னொன்னு அனுப்பியிருக்க?"

"நான் அனுப்பலண்ணே. என் வெப் பக்கத்துல போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன், பச்சைதான் காட்டுது. பெரிய இன்ஜினியரு."

அனுப்பியிருந்தால் அம்மாவின் கண்ணுக்கு வேறு பணமில்லை. கையொப்பத்தைச் சோதிக்கும் சாவியையும் வந்த செய்தியிலிருந்தே எடுக்கும்படி எழுதியிருந்தேன். யாரோ தன் முகவரிக்குத் தன் சாவியாலேயே கையொப்பமிட்டு அனுப்ப, பக்கம் தலையாட்டிவிட்டது. கொடுப்பவர் யாரென்று கேட்காமல் வாங்கிப் பழகிய புத்தி.

இப்போது என் கையொப்பத்தைச் சோதிக்கும் சாவி அண்ணனின் போனிலேயே இருக்கிறது. வீடியோ அழைப்பில் அதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டோம்.

ஆனால் அண்ணனைத் தவிர அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் மாமா பிள்ளைகள் ஐந்து பேர்தான். இந்த வாரம் ஐவருக்கும் மாதிரிச் செய்தி அனுப்பப்போகிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு சொல் மட்டும் வேறாக. அதைப் பார்த்து எழுதும் அடுத்த போலியில் யாருக்கு அனுப்பிய சொல் வருகிறதென்று பார்க்க வேண்டும்.