ஏழு வோல்ட் இளக்காரம்

வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். இருநூற்று முப்பது வோல்ட்டோடு புழங்குபவனுக்கு ஏழு வோல்ட் என்றால் ஓர் இளக்காரம். ரிமோட்டில் ஓடும் படகு ஒன்றைச் செய்தபோது அந்த இளக்காரத்தையும் உள்ளே வைத்து மூடிவிட்டேன் போலிருக்கிறது.

படகு செய்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். ஒரு வாரம் என்று மனைவியிடம் கேட்டு வாங்கிய மேசை. மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. நானும் அவளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஊர்க் குளத்தில் விட்டால் படகு கரையோரம் சமர்த்தாக நகரும். வேகத்தைக் கூட்டினால் குளத்தின் நடுவில் போய் நிற்கும். ரிமோட்டில் என்ன செய்தாலும் காதில் விழாது.

"மாமா, கப்பல் டீ குடிக்கப் போயிருக்கா?" என்றான் மைத்துனன்.

மனைவி சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமையும் நின்னுச்சுன்னா மேசை எனக்கு. கப்பல் பரணுக்கு."

பேட்டரியை மீட்டரில் அளந்தேன். முழுசாக இருந்தது. ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவரை மாற்றினேன். மோட்டாரை மாற்றினேன். ஆன்டெனாவைத் திட்டினேன். ஒவ்வொரு முறையும் படகை மேசையில் சும்மா உட்காரவைத்தே அளந்தேன். நாற்காலியில் சாய்ந்திருப்பவனிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பது மாதிரி.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் துணி ஊறவைக்கும் டப்பில் படகை விட்டேன். ஓடிவிடாமல் மனைவி பிடித்துக்கொண்டாள். முழு வேகம் கொடுத்தேன். மோட்டார் பக்கம் மீட்டரில் ஏழு வோல்ட் நாலாகச் சரிந்தது.

"ஏங்க, சுடுது."

"மோட்டார்னா சுடத்தான் செய்யும்."

"மோட்டார் இல்லைங்க, இந்தச் சிவப்பு வயர். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கையை உதறினேன். அது ஏதோ ஒரு வீட்டு வேலையில் மிச்சமான காலிங் பெல் வயர். ஏழு வோல்ட்டுக்கு இது போதாதா என்று பேட்டரியோடு முறுக்கி, டேப் சுற்றியிருந்தேன். வோல்ட் குறைவு என்பதால் மோட்டார் ஆம்பியரை அள்ளி இழுத்தது. அந்த நூல் வயர் பாதி வோல்ட்டைத் தானே தின்று சூடானது. மீதி போதாமல் ரிசீவர் மயங்கி விழுந்தது.

"ஏசிக்கு மெல்லிசு வயர் போடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே?"

"அது ஏசி."

"இது?"

தடித்த வயர் போட்டு ஈயத்தால் பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படகு நடுக்குளத்தைத் தாண்டி எதிர்க்கரை வரை போய்த் திரும்பியது. மேசை தப்பியது என்று மார்பை நிமிர்த்துவதற்குள் ரிமோட்டை மனைவி வாங்கிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

"ஓட்டுறது அக்கா. பிரச்சனையக் கண்டுபிடிச்சதும் அக்கா. நீங்க எதுக்கு மாமா வெயில்ல நிக்கிறீங்க?" என்றான் மைத்துனன்.

மதியம் வழக்கம்போல் மடியில் தட்டு. ஜெயித்தவனுக்கும் மேசையில் இடமில்லை.

"எனக்கும் ஒண்ணு செய்ங்க. இதைவிடப் பெருசா," என்றாள்.

"மேசையில எங்க இடம்?"

"கட்டில்ல உங்க பக்கம் இருக்கே."