கூடாரம் போடும் திடல்

கம்போங் மேடானில் எங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. பாதி புல், பாதி மண், சாய்ந்து நிற்கும் ஒரு கோல் கம்பம். ஆனால் நல்லது கெட்டதுக்கு அங்கே கூடாரம் போடலாம். அதன் அருமை மாடியில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு நாற்காலி போட்டால் ஆள் நிற்க இடமில்லை. மின்தூக்கிக்குள் சவப்பெட்டி நுழையாது. அப்பா இறந்தபோது ஒன்பதாம் மாடியிலிருந்து அக்கம்பக்கத்தார்தான் அவரைப் படிவழியே தூக்கி வந்தார்கள். திடலில் கூடாரம் போட்ட பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து அழவே முடிந்தது.

அந்தத் திடலில் ஒருநாள் அறிவிப்புப் பலகை முளைத்தது. புது அடுக்குமாடி வரப்போகிறதாம், ஆட்சேபம் இருந்தால் நகராண்மைக் கழகத்திடம் சொல்லலாமாம். எனக்கு வந்த கோபத்துக்குப் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நன்றாக ஆழமாகத்தான் நட்டிருந்தார்கள்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆட்சேபம் கொடுத்தோம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். வேலை நாளில் யாரும் இருக்க மாட்டோம் என்று கெஞ்சி, நாங்களே சனிக்கிழமை கேட்டு வாங்கினோம். சங்கத் தலைவர் அங்கிள் உடனே கூட்டம் போட்டார்.

“அன்னைக்கு ஒரு கூடாரமும் இருக்கக் கூடாதுலா. புல்லு வெட்டி, பெஞ்சு போட்டு, பார்க் மாதிரி காட்டணும். அப்பதான் மதிப்பாங்க.”

எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். வீட்டு விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, திடல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்கும் பட்டுவிட்டது.

நான்காம் மாடி மலாய்க்காரம்மா மட்டும் மசியவில்லை. மலாயில் அத்தை என்பதற்கு மக்சிக்; அப்படித்தான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். அதே சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாண விருந்து. அட்டை கொடுத்தாயிற்று, இறைச்சி சொல்லியாயிற்று, மாற்ற முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதிகாரி ஓர் இளம்பெண். வரைபடத்தை விரித்துக்கொண்டு வந்தவருக்குத் திடலே கண்ணில் படவில்லை. முழுக்கக் கூடாரம், மேளம், பெரிய பெரிய சட்டிகள். எங்கள் மாடிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மக்சிக் நேராக வந்து அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்துச் சோறு போட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண் மலாயில் என்னைக் கேட்டார், இந்த இடம் இல்லையென்றால் இந்த விருந்தை எங்கே வைப்பீர்கள் என்று. மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். மண்டபம் எடுக்க எங்களுக்கு வசதியில்லை, செத்தாலும் இங்கேதான் இறங்கி வருவோம், என் அப்பாவும் இங்கேதான் இறங்கினார் என்றேன். அதிகாரி தலையைத் தூக்கி எங்கள் மாடிகளைப் பார்த்தார்.

பல மாதம் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. கட்டடம் பழைய கார் நிறுத்துமிடத்துக்கு நகர்ந்து, இன்னும் உயரமாக எழுந்தது. திடல் தப்பியது. இப்போது மத்தியானம் தாண்டியதுமே திடலில் அதன் நிழல் விழுகிறது, கார் நிறுத்தத் தினமும் சண்டை. இருந்தாலும் வீடு தேடி அலையும் பிள்ளைகள் எங்களுக்கும் இருக்கிறார்கள். வீடே கட்டாதே என்று எந்த வாயால் சொல்வது?

போன மாதம் காலையில் புதுக் கட்டடத்துப் பெண் ஒருத்தி என் கதவைத் தட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, எங்க மாமியார் தவறிட்டாங்க. அந்தத் திடல்ல கூடாரம் போடணும்னா யார்கிட்ட கேக்கணும்?”

“யார்கிட்டயும் கேக்க வேணாம்மா. அது உங்க திடலும்தான்” என்றேன்.

தலைவர் அங்கிளைக் கூட்டிக்கொண்டு கீழே போனபோது, மக்சிக் அதற்குள் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.