மின்னியவை என் செல்கள் அல்ல

நியூ ஜெர்சியில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உயிருள்ள செல்களில் ஒளிரும் சாயம் ஏற்றி, எலிக்குள் செலுத்தி, அவை எங்கே போகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒருமுறை மூன்று வாரம் கழித்தும் அவை சிவப்பாக மின்னியபோது, இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று துள்ளிக் குதித்தேன்.

கான்ட்ராக்டில் சேர்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் கவிதா, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்.

“செத்த செல்லுக்குச் சாயம் போட்டு டெஸ்ட் பண்ணீங்களா சார்? அதைத் தின்ன எலியோட செல்லும் மின்னுமுங்களே?”

“ஜாயின் பண்ணி ஆறு மாசம் ஆகல, எனக்கே பாடமா?” என்றேன்.

அதோடு விடவில்லை. மேனேஜர் கவிதாவைப் பற்றி விசாரித்தபோது, அவர் டீமுக்கு ஒத்துவர மாட்டார் என்றேன். கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. விசா முடிந்து ஊர் திரும்பினார்.

பிறகு மனம் கேட்காமல் அந்தச் சோதனையைச் செய்தேன். செத்த செல்களைச் செலுத்திய எலியிலும் அதே சிவப்பு. என் செல்கள் எப்போதோ செத்திருந்தன. மின்னியவை, அவற்றைத் தின்ற எலியின் செல்கள்.

மீட்டிங்கில் முடிவைத் திருத்திச் சொன்னேன். “சொந்தத் தப்பைத் தானே கண்டுபிடிக்க தைரியம் வேணும்” என்று மேனேஜர் ஆங்கிலத்தில் பாராட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். கவிதாவின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “தேங்க் யூ” என்றுதான் வந்தது.

நேர்மையானவன் என்றுதான் இன்றும் ஆபீஸில் எனக்குப் பெயர்.