பின்னுறது நீங்க, பிரிக்கிறது நாங்க

மகளின் கல்யாணத்துக்கு, சர்ச்சில் மணப்பெண் தலையில் போடும் நெட் வாங்கச் சம்பந்தியம்மாவோடு பெரிய கடைவீதிக்குப் போயிருந்தோம். ஓரத்தில் லேஸ் வைத்த ஒன்றை மகள் எடுத்துப் பார்த்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்த லேஸை நானே பின்னிடுவேனே" என்றேன். முந்தின வாரம்தான் போனில் குரோஷா பின்னும் வீடியோ ஒன்று பார்த்திருந்தேன். அதுவும் பாதிதான்.

சம்பந்தியம்மா சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "சரிங்க, நீங்களே பின்னுங்க" என்று, லேஸ் இல்லாத நெட் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"எதுக்கும் இந்த ரெடிமேடும் இருக்கட்டும்ப்பா" என்றாள் மகள். அதையும் வாங்கினோம். பிரிக்காத அந்தப் பை அலமாரியிலிருந்து தினமும் என்னைப் பார்த்தது. கல்யாணத்தன்று அதைத் திறக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டில் தனியாகப் பின்னிய முதல் சாண், நேராகப் போகாமல் சுருண்டு கிண்ணம் மாதிரி நின்றது. மனைவி அதில் பூண்டு போட்டு வைத்தாள். அந்த வாரமே லேஸ் பின்னுகிறவர்களின் சங்கத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தேன். தென்னூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில், சனிக்கிழமை மதியம் கூடுவார்கள். அத்தனை பேரும் பெண்கள்.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்றார் ஒருவர்.

"என்னைத்தாங்க விட வந்தேன்."

நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், பூஜையறைத் திரைக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தார். நான் ஊசி பிடித்த அழகைப் பார்த்துவிட்டு, "சார், அது பேனா இல்லை. கையெழுத்துப் போடாதீங்கோ" என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தப்பாகப் பின்னியதை அவரவரே பிரிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் பிரிக்க வேண்டும். பின்னிய கை இரக்கப்பட்டு, தப்பு வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிடுமாம். ஆனால் திரும்பப் பின்னித் தர யாரும் வரமாட்டார்கள். "பிரிக்கிறது நாங்க, பின்னுறது நீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் என் லேஸைப் பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள். சங்கத்தில் காபியும் கிடைத்தது, உண்மையும் கிடைத்தது. சேர்ந்ததில் எனக்கு அதைவிடப் பெரிய லாபம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை, முடித்த லேஸை மேசையில் நீட்டிப் போட்டேன். மாமி விரலால் தடவிக்கொண்டே போனார். முடியப்போகிற இடத்தில் விரல் நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

"கிரிக்கெட் மேட்ச், மாமி."

டிவி பார்த்துக்கொண்டே பின்னியதில், ஒவ்வொரு விக்கெட்டுக்கும் நூலை இறுக்கி இழுத்திருக்கிறேன். அந்த இடம் மட்டும் சுருங்கிக் கிடந்தது. நாம் எங்கே தோற்க ஆரம்பித்தோம் என்று தடவியே சொல்லிவிடலாம்.

"நாள் இல்லை. மடிச்சுத் தைச்சா வெளியில தெரியாது. உங்க இஷ்டம்" என்றார் மாமி.

சம்பந்தியம்மாவின் சிரிக்காத முகம் ஞாபகம் வந்தது. அலமாரிப் பையும் வந்தது.

"பிரிங்க மாமி."

அவர் முனையைப் பிடித்து இழுத்தார். இரண்டு முழம் சரசரவென்று நூலாகிப் போனது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் டிவியைப் போடவில்லை. காலையில் பின்னினேன், மத்தியானம் பின்னினேன், மன்னார்புரம் பஸ்ஸிலும் பின்னினேன். "டிக்கெட் எடுத்துட்டுப் பின்னுங்க சார்" என்றார் கண்டக்டர். லேஸை நெட்டில் வைத்துத் தைத்து முடித்தபோது வீட்டில் பந்தல்காரர்கள் வந்திருந்தார்கள்.

சர்ச்சில் சங்கத்துப் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து, பெண்ணை விட்டுவிட்டு நெட்டின் ஓரத்தைப் பார்த்தார்கள். மகள் முழந்தாளிட்டபோது அது தரையில் எங்கும் தூக்காமல் படிந்தது. பூசை முடிந்ததும் சம்பந்தியம்மா குனிந்து, ஓரத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தையும் பார்த்தார். "நேராத்தான் இருக்குங்க" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

மறுவாரம் அந்தப் பையைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பதிலுக்கு நூல் உருண்டைகள் கேட்டேன்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் நின்னுபோச்சா சார்?" என்றார்.

"இல்லைங்க. லேஸ் நேரா வந்துடுச்சு."