நாத்தனார் அமுக்கிய நீலப் பொத்தான்

அண்ணி படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். எதிரே நின்ற நாத்தனாரின் கையில் மற்ற இரண்டு மூலைகள். விரிப்பு அடங்குவதற்குள் நாத்தனார் கேட்டாள்.

"இதயத் துடிப்பு எங்க ஆரம்பிக்குது, அண்ணி?"

"வலது ஏட்ரியத்துல. எஸ்.ஏ. கணு."

நான்காவது மடிப்புக்கு இருவரும் நெருங்கி வந்தார்கள். நாத்தனார் விரிப்பை வாங்கி அலமாரித் தட்டில் அடுக்கினாள். அங்கே சாய்த்து வைத்திருந்த கைபேசியில் விடையைச் சரிபார்த்து, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

எங்கள் முதியோர் இல்லத்தின் சலவை அறை அது. அறுபது படுக்கை, நாளுக்கு நூற்றிருபது விரிப்பு. இரண்டாம் மாடியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நான், பத்து மணிக்குத் தள்ளுவண்டியோடு இறங்கி வருவேன். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டு எனக்கும் அவள் அண்ணிதான்; வயது முப்பது. ஆறு வருடமாக அந்த அறையில்தான் வேலை. பள்ளியில் உயிரியலில் முதலாவதாக வந்தவள், கல்யாணத்தோடு புத்தகத்தை மூடி வைத்திருந்தாள். எந்த விரிப்பு எந்த நோயாளியுடையது என்று கறையைப் பார்த்தே சொல்வாள். ஏன் அப்படிக் கறை படிகிறது என்று கேட்டுக் கேட்டு என்னைக் குடைந்தெடுத்த பிறகுதான், மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதப் போவதாக அறிவித்தாள். சலவை இயந்திரத்தை ஓட்டுகிறவர் அன்றே அவளுக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டார். போன வருடம் எழுதித் தவறிப்போனது. இந்த முறையும் வரவில்லை என்றால் விட்டுவிடுவதாக வீட்டில் அவளே சொல்லியிருந்தாள். யாரும் கேட்காமல் சொன்ன வாக்கு என்பதால் அதை மீறுகிறவள் இல்லை.

உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. அதனால் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, பாடங்களைக் கேள்வி அட்டைகளாக அவளே எழுதி ஏற்றினாள். ஆயிரத்து ஐந்நூறு அட்டை. மறக்கப்போகிற சமயம் பார்த்து அந்தந்தக் கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்துவது செயலியின் வேலை. விடை சொன்ன பிறகு நான்கு பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். சிவப்பு என்றால் தெரியவில்லை, உடனே திரும்ப வரும். ஆரஞ்சு என்றால் திணறல். பச்சை என்றால் சரி. நீலம் என்றால் ரொம்ப சுலபம், இதை இப்போதைக்குக் கேட்கவே வேண்டாம் என்று பொருள். அலமாரி நாத்தனார் பக்கம் இருந்ததால் கேட்பதும் அமுக்குவதும் அவள் பொறுப்பு. ஒரு விரிப்புக்கு ஓர் அட்டை.

தேர்வு நெருங்க நெருங்க, தினமும் வரும் அட்டைகள் குறைந்துகொண்டே போயின. எண்பது ஐம்பதாகி, ஐம்பது பன்னிரண்டானது. எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது என்று இருவருக்கும் ஒரே குஷி. பாதி விரிப்பு மடிப்பதற்குள் கேள்விகள் தீர்ந்துபோய், மீதி நேரம் இயந்திரக்காரரைக் கிண்டல் செய்தார்கள்.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது, விடுமுறையன்று வீட்டில் மாதிரித் தாள் ஒன்றை எழுதிப் பார்த்தாள். பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லை. கோட்டைவிட்ட கேள்விகளைச் செயலியில் ஒவ்வொன்றாகத் தேடினாள். எல்லாமே இருந்தன. அடுத்து வரும் தேதி மட்டும் ஐந்து மாதம், ஏழு மாதம் என்று தேர்வைத் தாண்டிப் போயிருந்தது. அப்படி ஆயிரத்து முந்நூறு அட்டை.

மறுநாள் நான் இறங்கியபோது கேள்விச் சத்தம் இல்லை. என்ன சங்கதி என்றேன். நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி சொன்னதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு. மார்க் போடுறதுன்னு நினைச்சேன். கடைசிப் பட்டன்தான் முழு மார்க்குன்னு அதையே அமுக்கிட்டேன்."

"எல்லாத்துக்குமா?" என்றேன்.

"தப்பா சொன்னா சிவப்பு. சரியா சொன்னா நீலம். எங்க அண்ணிக்கு நான் கம்மியா போடுவேனா?"

அண்ணி விரிப்பை இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டவும் முடியாது. நாத்தனாரிடம் பொத்தான்களை விளக்கிச் சொல்லாதது தன் தவறு என்பது அவளுக்கும் தெரியும். அழுது ஆகப்போவது ஒன்றும் இல்லை, ஆயிரத்து முந்நூறைப் பத்தொன்பதால் வகுங்கள் என்றேன். நாளுக்கு அறுபத்தெட்டோ ஒன்பதோ வந்தது. விரிப்பு நூற்றிருபது இருக்கிறது, தடுமாறியதைத் திரும்பக் கேட்கவும் இடம் உண்டு. தேதி தள்ளிப்போன அட்டைகளை அண்ணி அன்றைக்கே செயலியில் முன்னுக்கு இழுத்துப் போட்டாள். இனிமேல் பொத்தானைத் தானே அமுக்கப் போவதாகவும் சொன்னாள்.

நாத்தனார் விடவில்லை. "வேணாம் அண்ணி. நீங்க உங்களையே ஏமாத்திக்குவீங்க. எனக்குத் துணியிலயே தெரியுது."

"என்ன தெரியுது?"

"விடை தெரிஞ்சா உங்க பக்கம் விறைப்பா இருக்கு. தெரியாம யோசிச்சீங்கன்னா நடுவுல தொங்குது. விடை சரியா இருந்தாலும் தொங்குச்சுன்னா இனிமே ஆரஞ்சுதான்."

அண்ணி சிரித்துவிட்டாள். "படுபாவி, இது தெரிஞ்சேதான் இத்தனை நாள் நீலம் அமுக்கினியா?"

அடுத்த பத்தொன்பது நாளும் நாத்தனார் தாட்சண்யம் காட்டவில்லை. மூலையில் துளி தொய்வு தெரிந்தாலும் ஆரஞ்சு. அண்ணி வாதாடினால், துணி பொய் சொல்லாது என்று வாயை அடைத்துவிடுவாள். நீலப் பொத்தான் மேல் என்னிடமிருந்து பிளாஸ்டர் துண்டு ஒன்றை வாங்கி ஒட்டியும் வைத்தாள். இரண்டாவது மாதிரித் தாளில் மதிப்பெண் மளமளவென்று ஏறியிருந்தது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. மாலையே பயிற்சி மையம் ஒன்று விடைகளை வெளியிட்டதாம். நாத்தனார் வாசிக்க, அண்ணி கூட்டிப் பார்த்திருக்கிறாள். போன வருடம் இடம் கிடைத்தவர்களின் கடைசி மதிப்பெண்ணைவிடப் பதினொன்று கூடுதல்.

மறுநாள் காலை, கிடைத்தால் எந்தக் கல்லூரி என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இடம் மாறி, அலமாரிப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். கைபேசி வழக்கமான இடத்தில் சாய்ந்திருந்தது.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே டாக்டரம்மா, அந்தப் போனுக்காவது லீவு குடும்மா" என்றார் இயந்திரக்காரர்.

"கேள்வி இல்லாம மடிச்சா மூலை கோணுதுண்ணே" என்றாள் நாத்தனார்.

அண்ணி திரையைப் பார்த்தாள். "சிறுநீரகத்துல ரத்தம் முதல்ல எங்க வடிகட்டப்படுது?"

நாத்தனார் பக்கம் விரிப்பு கொஞ்சம் தொங்கியது. மூன்றாவது மடிப்பில் சொன்னாள். "குளோமெருலஸ்."

அண்ணி விரிப்பைத் தட்டில் வைத்துவிட்டு ஆரஞ்சை அமுக்கினாள். நான் நாற்பது விரிப்பை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன்.