மங்கை டொக்டரின் போத்தல்கள்

காய்ச்சி வடித்த தண்ணீர் சொட்டும் பெரிய போத்தல் நிறைந்து, மேசையிலிருந்து நிலத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. அன்று காலை ஆய்வுகூடத்துக்குள் போனதும் நான் முதலில் கண்டது அதைத்தான். டொக்டர் பின்னேரம் தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் போவார். விடிய எல்லாருக்கும் முன்னால் வந்து போத்தலை மாற்றுவார். சுவிட்சை நிறுத்தி, நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்யும் ரஜி அண்ணை வாசலில் வந்து நின்றார்.

"அதை விடு பிள்ளை. டொக்டர் விடியப்புறம் மோசம் போயிட்டா. நெஞ்சடைப்பாம்."

நான் துடைத்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் பெரியவர்கள் ஆராய்ச்சி பற்றி எழுதுகிறார்கள். "நீயும் எழுது, போத்தல் கழுவினது நீதானே" என்றார் ரஜி அண்ணை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது பார்க்க வேறு ஆள் இருக்கவில்லை. வைத்தியம் பார்த்தவர் மங்கை டொக்டர். அம்மா தேறி நடக்கத் தொடங்கியதும், கிளினிக் வாங்கில் வாய் திறக்காமல் இருந்த என்னைப் போத்தல் கழுவ வரச் சொன்னார்.

"இவள் கதைச்சா மழை வரும்" என்று ரஜி அண்ணை பகிடி பண்ணுவார்.

"வரட்டும். கிணறு வத்திப்போய்க் கிடக்கு" என்பார் டொக்டர்.

காலையில் நோயாளர், மத்தியானத்துக்குப் பிறகு நனோ துணிக்கைகள். தலைமயிரின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்த அளவு இருக்கும் அவை. அவற்றுக்குள் மருந்தை வைத்து, கட்டியின் உயிர்க்கலங்களில் மட்டும் ஒட்டும்படி வெளியே ஒரு பூச்சுப் பூசுவார். எனக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே கண்டுகொண்டு ஒருநாள் சொன்னார்: "இப்ப குடுக்கிற மருந்து விலாசம் தெரியாத தபால்காரன். எல்லா வீட்டுக்கும் கடிதம் போடுறான். கொம்மாவின்ரை தலைமயிருக்கும் போட்டான். நான் விலாசம் எழுதப் பாக்கிறன்."

எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால் ஒவ்வொரு போத்தலையும் கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் இரண்டு தட்டுப் போத்தல்களைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசிக் கவிழ்த்துவிட்டேன். பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தன.

அந்த வாரம் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி, திரைந்த பால்போல அடியில் தங்கின. டொக்டர் தன் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், மருந்தை மாற்றினார், மறுபடி செய்தார். மறுபடியும் திரைந்தது. எனக்குக் காரணம் தெரியும். ஐந்து நாள் சொல்லவில்லை. திட்டுவார் என்று பயமில்லை. அம்மாவுக்கு நோய் திரும்பி வந்தால் இந்த மருந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் பயம்.

ஆறாம் நாள் அழுதுகொண்டு சொன்னேன். டொக்டர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். அவ்வளவு களைத்த முகத்தை நான் கண்டதில்லை.

"போத்தல் போனா கழுவலாம் பிள்ளை. உன்ரை அஞ்சு நாளை நான் எங்கை போய் எடுக்கிறது? சொல்லவேண்டியதை அண்டைக்கே சொல்லு."

பிறகு கண்ணைத் திறந்து, நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். "உது இன்னும் எலியளுக்குத்தான். மனிசருக்கு வர எத்தினை வருசமோ, வராமலும் போகலாம். கொம்மாவுக்கு உதை நம்பி இராதை."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கரவெட்டி வரும் மட்டும் அவரில் கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி நேரே ஒன்றைச் சொன்னதில்லை.

செத்தவீடு முடிந்தபின் டொக்டரின் மேசையை ஒழுங்குபடுத்தினோம். லாச்சிக்குள் நெஞ்சு வருத்தத்துக்கான குளிசைகள், பல மாதத்து வெற்று அட்டைகள். "ஒரு சொல்லு எங்களுக்குச் சொல்லேல்லையே உவ" என்று ரஜி அண்ணை அதிலேயே இருந்துவிட்டார். அண்டைக்கே சொல்லு என்றவர் தன்னுடையதைச் சொல்லவில்லை. அதை நினைக்கும்போது எனக்கும் களைப்பாக இருக்கிறது. ஆனாலும் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.

போன கிழமை அம்மாவின் ஸ்கான் முடிவு வந்தது. கட்டி திரும்ப வந்திருக்கிறது. "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, இடிஞ்சு போடுவள்" என்று அப்பா சொன்னார். நான் ஸ்கான் அறிக்கையை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். "என்னடி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்று அம்மா தினமும் கேட்டார். டொக்டர் செத்த கவலை என்று சொன்னேன்.

நேற்று இவ்வளவும் எழுதியபிறகு, அறிக்கை வந்து எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

எழும்பி, சேலைகளுக்குக் கீழிருந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.