மடக்கிப் பிடித்த துப்பாக்கி

சவூதியில், ஜுபைலில் வேலை பார்த்தபோது எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் மிச்சம். மணல்வெளியில், சட்டையை இன் செய்து நிற்கிறேன். கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஆனால் அது நடுவில் மடங்கி, குழல் தரையைப் பார்த்துத் தொங்குகிறது. படம் ஊருக்கு வந்தபோது, "உடைஞ்சதத்தான் உங்களுக்குக் குடுத்தாங்களா?" என்று என் மனைவி சிரித்தாள். உடையவில்லை, திறந்திருக்கிறது என்றேன். ஏன் திறந்திருக்கிறது என்பதைத்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

எங்கள் தொழிலாளர் கேம்ப் வாட்ச்மேனை எல்லோரும் ஏட்டையா என்போம். ராமநாதபுரம் பக்கம் ஏட்டாக இருந்து, பாதியில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார். எண்பதுகளில் கேம்புக்கு வீடியோ வந்த புதிது. குதிரையில் வரும் அமெரிக்க ஷெரீப்புகள் சுட்டுத் தள்ளும் படங்களை நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம். இவர் மட்டும் ஷெரீப்பைத் திட்டிக்கொண்டிருப்பார். "விசையில விரல வச்சுக்கிட்டே பேசுறான் பாரு. இவன்லாம் நம்ம ஸ்டேஷன்ல இருந்தா மொதல்ல ரைட்டரத்தான் சுடுவான்." படம் பார்க்க விடுங்களேன் என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கபீல் எங்களைத் தன் பாலைவனக் கூடாரத்துக்கு விருந்துக்கு அழைத்தார். எங்கள் விசா, வேலை எல்லாம் அவர் கையில். சாப்பாடு முடிந்ததும் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "கோலி மாஃபி" என்று நீட்டினார். குண்டு இல்லையாம். ஊருக்கு அனுப்பும் படத்தில் முதலாளியின் காரில் சாய்ந்து நிற்பதே எங்களுக்குப் பெருமை, துப்பாக்கி என்றால் விடுவோமா? ஒவ்வொருவனும் அதைத் தோளில் வைத்து, கேமராவையே குறிபார்த்து நின்றான்.

என் முறை வந்தபோது ஏட்டையா குறுக்கே வந்தார். குழலை மணலுக்குத் திருப்பி என் கையிலிருந்து வாங்கினார். நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு துளையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். காலி. மூடாமலே என்னிடம் தந்து, "இப்பப் புடிங்க" என்றார்.

விருந்தாளிகள் முன்னால் தன் சொல்லைச் சோதித்த வாட்ச்மேனைக் கபீல் சற்று நேரம் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மாதம் கெடு முடிந்த இகாமாக்களில், அதாவது அங்கே தங்கும் அனுமதிகளில், ஏட்டையாவுடையதை மட்டும் புதுப்பிக்கவில்லை.

ஊருக்குத் திரும்ப அவர் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது கோபமாகத்தான் கேட்டேன். "காலின்னு அவர்தான் சொன்னாரே?"

"அவரு சொன்னாரு. துப்பாக்கி சொல்லலயே."

"கடைசில காலிதான ஏட்டையா?"

"காலிதான்" என்றார். கயிற்றை இறுக்கினார். ஒரு குண்டாவது உள்ளே இருந்திருந்தால் இந்த மனிதரைக் கொண்டாடியிருப்பேன். இல்லாத குண்டுக்காகப் பிழைப்பைத் தொலைத்தவரை என்னவென்று சொல்வது? அவர் போலீஸில் இருந்தபோது எந்த ஸ்டேஷனில் எந்தத் துப்பாக்கியை யார் காலி என்று சொன்னார்களோ, அதுவும் தெரியாது. பிடிவாதமா, பயமா, அறிவா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

போன மாதம் அந்த நாளைய ரூம்மேட் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய படம், அதே துப்பாக்கியோடு, பெரிதாக மாட்டியிருந்தது. குழல் நேரே என்னைப் பார்த்தது. நாற்பது வருஷத்துப் படம், அதுவும் காலித் துப்பாக்கி. என் படத்தில் அந்தத் துளைகளை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். பேச்சு பேச்சாக இருக்க, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.